இதையும்

இதையும் என்றுதான் சொன்னார். இதை என்று மட்டும் சொல்லியிருந்தால் சாந்தாமணிக்கு இவ்வளவு தூரம் போயிருக்காது. கண்ணில் தண்ணீர் வந்திருக்கும், ரெண்டு நாள் பேச்சில்லாமல் இருந்திருப்பாள், மூன்றாம் நாள் சோறு போடும்போது உப்புப் பத்துதுங்களா என்று அவளே ஆரம்பித்திருப்பாள். பதினெட்டு வருசமாக எல்லாக் கோபமும் அப்படித்தான் உப்பில் போய் முடிந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் போனில் சொன்னது, "செரி உடு, வேண்டாங்கறானா போறான். வார வழியில சந்தைப்பேட்டையில எறங்கி இதையும் அங்கயே உட்டுட்டு வந்துரு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். பஸ் நால்ரோட்டை விட்டுக் கிளம்பி வாய்க்கால் பாலம் ஏறியது. சாந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒயர்கூடை. கூடைக்குள் பழைய பனியன் துணி, அதன்மேல் நாற்பத்தேழு நாள் ஆன கறுப்பு நாய்க்குட்டி. போன் இன்னும் கையில் சூடாக இருந்தது. இதையும். அங்கயே. அப்படியென்றால் இதற்கு முன்னால் ஒன்றை அங்கே விட்டிருக்கிறார். முதல் தடவை கேட்டபோது காது ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தாள். பாலம் தாண்டுவதற்குள் நாலைந்து முறை மனதுக்குள் அவர் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அந்த உம் அங்கேயே இருந்தது, சோற்றில் கல் மாதிரி, எந்தப் பக்கம் ஒதுக்கினாலும் பல்லுக்குத்தான் வந்தது. தோட்டத்துக்காரர் ஒருத்தர் கேட்டாரு, மூணாவது குட்டியக் குடுத்துட்டேன் என்றல்லவா சொன்னார் அன்றைக்கு. காவலுக்கு வேணுமின்னாரு, நல்ல எடம், மாட்டுப்பால் ஊத்துவாங்க என்றாரே. மாட்டுப்பால் என்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? பொய் சொல்கிறவர்கள்தான் மாட்டுப்பால் வரைக்கும் போவார்கள்.

குட்டி கூடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தன் வாலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது போலப் பார்த்து, அதைக் கவ்வப் போய், கவ்வுவதற்குள் மறந்து உட்கார்ந்துகொண்டது. கருப்பன் என்று பேர். கருப்பராயனுக்கு நேர்ந்த பேர் போல இருக்கட்டும் என்று அவர்தான் வைத்தார். ஆண்குட்டி என்று நினைத்து வைத்த பேர். அரைமணி நேரத்துக்கு முன்னால் மோட்டார் ரீவைண்டிங் கடையில், குட்டி வேண்டும் என்று கேட்டிருந்த தனபால் அதைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையில் மல்லாத்தி, சொத்தைக் கத்தரிக்காயா என்று பார்ப்பதுபோல வயிற்றைக் கட்டை விரலால் நீவினான். "ஏனுங்கக்கா, இது பொட்டையாச்சே." "இல்லீங்க, கடுவன்தான். எங்கூட்டுக்காரரு பாத்தாரு." "எதப் பாத்தாரு? இங்க பாருங்க, இது தொப்புளு." உள்ளே செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த ஆள் சத்தம் போட்டுச் சிரித்தான். "தொப்புளப் பாத்துக் கடுவன்னு சொன்னாருன்னா உங்கூட்டுக்காரருக்குக் கண்ணாடி போடோணுமுங்க." தனபால் சிரிக்கவில்லை. நல்ல மாதிரியாகத்தான் சொன்னான். "கோச்சுக்காதீங்கக்கா. பொட்டைய வெச்சுட்டு ஆரு மல்லுக்கட்டறது? வருசத்துக்கு ரெண்டு ஈத்து. ஊர்ல இருக்கற நாயெல்லாம் வந்து கடை வாசல்ல நிக்கும். டீ சாப்புடறீங்களா?" அந்த டீதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்கிற எல்லோரும் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். வேண்டாமுங்க என்றாள். குட்டி அவன் கட்டை விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருசமாக செக்கிங்கில் நிற்கிறவள் அவள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ். ஊசி முனையளவு ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். சூப்பர்வைசரே சந்தேகம் வந்தால் சாந்தாக்காவிடம் காட்டு என்பான். அப்படிப்பட்டவள் நாற்பத்தேழு நாள் இந்தக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சி, வயிற்றில் ஊதி, சிரித்து, ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டார் என்றால் பார்த்துவிட்டார். பத்தாம் நாள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், பகலிலும் இருட்டாக இருக்கும் சந்துக்குள் டார்ச் அடித்து, ஒவ்வொன்றாகத் தூக்கி, ரேசன் கடையில் பேர் கூப்பிடுவது மாதிரிச் சொன்னார், "கடுவன், கடுவன், இது பொட்டை, கடுவன், இதும் கடுவன்." அந்தக் கடைசிதான் இது. தொப்புள்கொடி காய்ந்து ஒரு முண்டு நின்றிருக்கும், அதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்திருந்தால் இதுவும் அந்த மூன்றாவதோடு சேர்ந்து போயிருக்கும். ஒரு தொப்புள்தான் இதை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.

பொறந்த அன்று எலிக்குஞ்சு மாதிரி இருந்தன ஐந்தும். கண் இல்லை, காது தலையோடு ஒட்டிக் கிடந்தது, மூக்கு மட்டும்தான் உயிரோடு இருந்தது. அந்த மூக்கை வைத்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, வயிற்றால் நகர்ந்து, செவலையின் மடியைக் கண்டுபிடித்துவிடும். செவலை தெருவில் திரிகிற நாய்தான், யாரையும் கிட்டே விடாது, சாந்தாமணியை மட்டும் விட்டது. கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் விடிகாலையில் ஒரு பார்வை, சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமல் ஒரு பார்வை. தூக்கத்தில் ஐந்தும் துள்ளும், யாரோ உள்ளேயிருந்து சுண்டிவிடுவது போல. ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அடியில் கிடப்பது மெல்ல நெளிந்து மேலே வரும், மேலே கிடப்பது சரிந்து அடியில் போகும், நாள் முழுக்க இதே வேலை. பதின்மூன்றாம் நாள் மூன்றாவதற்குத்தான் முதலில் கண் திறந்தது. நெற்றியில் விபூதி இட்ட மாதிரி வெள்ளைக் கீற்று உள்ள குட்டி அது. இடது கண் பாதி, வலது கண் கால்வாசி. உள்ளே நீலமாக, பால் கலந்த நீலமாக இருந்தது. அது எதையும் பார்க்கவில்லை, வெளிச்சத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. அவள் கூப்பிட்டாள், "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, கண்ணு முழிச்சிருச்சு." அவர் வந்து குனிந்து பார்த்தார், "அட தங்கம்" என்றார். அட தங்கம் என்றார். மறுநாள் அவள் கம்பெனியிலிருந்து வந்தபோது நான்குதான் இருந்தன. தோட்டத்துக்காரர், காவல், மாட்டுப்பால். கண் திறந்து ஒரு நாள் ஆன குட்டியை எவன் காவலுக்குக் கொண்டுபோவான்? அன்றைக்கே அவளுக்கு அது தோன்றியது. தோன்றியதைக் கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். பீஸில் ஓட்டையைப் பார்த்துவிட்டு மடித்து நல்ல பீஸ் கட்டுக்குள் வைத்த மாதிரி வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக ஒரு மாதமாக அவள் என்ன செய்தாள்? அந்தக் குட்டியை வளர்த்தாள். இங்கே நான்கும் பதினெட்டாம் நாள் எழுந்து நின்று, பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்தபோது, அங்கே தோட்டத்தில் அதுவும் எழுந்து நிற்கும் என்று நினைத்தாள். இந்தக் கருப்பன் முதல் தடவை குரைத்துவிட்டு, யார் குரைத்தது என்று பயந்துபோய்த் தன்னைச் சுற்றித் தேடியபோது, அதுவும் இந்நேரம் குரைத்திருக்கும் என்று சிரித்தாள். அரிசி முனை மாதிரிப் பல் வந்தது, அதற்கும் வந்தது. பால் குடித்துவிட்டு விக்கல், அதற்கும் விக்கல். தட்டில் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும்போதே கண் சொக்கி மூக்கைச் சோற்றுக்குள் வைத்துத் தூங்கிப் போவது, விளக்குமாற்றைப் பாம்பாக நினைத்து முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உறுமுவது, தம்பியைக் கொஞ்சம் அழுத்திக் கடித்து அவன் வீறிட்டால் தானும் திடுக்கிட்டு நக்கிக் கொடுப்பது, எல்லாம் அதற்கும் நடந்தது. தென்னந்தோப்பு, வாய்க்கால், சாயங்காலம் மாட்டுப்பால். அதற்கு அவள் ஒரு பேர்கூட வைத்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை, இப்போது நினைக்கவும் கூடாது. முப்பத்துமூன்று நாள். இல்லாத ஒன்றுக்குப் பல் முளைக்க வைத்திருக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு கத்த வேண்டும் போல இருந்தது.

"கூடையில என்னுங்கக்கா?" கண்டக்டர் மேலே நின்றுகொண்டிருந்தார். "நாய்க்குட்டிங்க." "கடிக்குமா?" "பல்லே இப்பத்தானுங்க மொளச்சிருக்குது." "உங்களுக்கு ஃப்ரீ. இவனுக்கு லக்கேஜ் போடோணுமே." சொல்லிவிட்டு அவரே கண் சிமிட்டினார். "இவன் இல்லீங்க" என்று வாயில் வந்துவிட்டது. "பின்ன?" அந்தச் சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை. இன்றைக்குக் காலைவரை அவளும் சொன்ன சொல்தான். பொட்டைக்கோழி, பொட்டைக்கன்று, மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வெளியே வந்து பொட்டப்புள்ளை என்றாளே, அப்போது எல்லோரும் ஒரு நிமிசம் கழித்து, சரி நல்லதுதான் என்று சொன்னார்களே, அந்த ஒரு நிமிசம். பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "பொம்பளப்புள்ளையா? அப்ப அதுக்கும் ஃப்ரீதான் போ! என்ன கண்டக்டரே, ஒரு சீட்டுக் கிழிச்சுக் குடு அதுக்கும்!" முன் சீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர், "ஆதார் கார்டு வெச்சிருக்குதா கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மறுபடி சிரிப்பு. சாந்தாமணிக்கும் உதடு கோணியது. சிரிப்பு வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. "எங்க கொண்டுட்டுப் போற அம்மணி?" என்றாள் அந்த அம்மா. "ஊட்டுக்குங்க." பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. டிரைவர் ஏர் ஹாரனை அழுத்தினார். குட்டி பதறிப்போய்க் கூடையிலிருந்து எழும்பி அவள் கைமடிப்புக்குள் மூக்கைச் சொருகிக்கொண்டது. போன வாரம்வரை எதற்கும் பயப்படாது. இடி இடித்தால்கூட வானத்தைப் பார்த்து வாலாட்டும். இந்த வாரம்தான் குடையைக் கண்டால் ஓடுகிறது, சாக்குப்பை காற்றில் ஆடினால் ஓடுகிறது. உலகம் இன்னதென்று இப்போதுதான் அதற்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அவள் கையில் அதன் நெஞ்சு தடதடவென்று அடித்தது, தையல் மிஷின் மாதிரி. தெரிய ஆரம்பித்த வாரத்திலா கொண்டுபோய் விட வேண்டும்? அந்த மூன்றாவதற்குப் பயம்கூட வந்திருக்காது. பயப்படுவதற்கு அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கெட்டவராக இருந்திருந்தால் தேவலை. குடித்துவிட்டு வந்து நாயை எட்டி உதைக்கிற ஆளாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இவர் அப்படி இல்லை. சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு பிஸ்கட் இருக்கும். குட்டிகளை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் படுத்து, தாடையை நக்கவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கடுவன்கள் மூன்றையும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தார், கொடுத்துவிட்டு வந்து பாதிச் சோற்றில் கை கழுவினார். அந்த அன்பு பொய்யில்லை. அதுதான் இப்போது அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய்யில்லாத அன்பை வைத்துக்கொண்டு, அட தங்கம் என்று சொன்ன வாயோடு, மறுநாள் அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வண்டியை எப்படி உதைத்தார்? வழியில் அது கத்தியிருக்காதா? கத்தினால் என்ன செய்தார், பாட்டுப் பாடினாரா? அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. அவர் தின்பண்டம் எதுவும் கையில் இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரையும் கிட்டே விடாத செவலை நேராக அவரிடம் வந்தது. அவர் கையை முகர்ந்தது. உள்ளங்கை, விரல் இடுக்கு, மணிக்கட்டு, வேட்டி மடிப்பு, மறுபடி உள்ளங்கை. வெகுநேரம் முகர்ந்தது. "பாத்தியா, பிஸ்கட்டு இருக்குதான்னு செக் பண்றா" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்புறம் எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சாப்பாட்டுக்கு முன்னால் சோப்புப் போடுகிற ஆளே இல்லை அவர். இதெல்லாம் கண் முன்னால் நடந்தது. செவலை ராத்திரி பகல் என்று இல்லாமல் சந்துக்கும் தெருவுக்குமாக நடந்தது, நாலுக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்து மறுபடி நடந்தது. அவள் என்ன நினைத்தாள்? வெயிலுக்கு இப்படித் திரியுது என்று நினைத்தாள். நாய்க்குத் தெரிந்திருந்தது. ஒரு பொட்டை நாய்க்கு. இருக்கட்டும், சொல்லியாகிவிட்டது, பொட்டை நாய்க்குத்தான் அந்த வீட்டில் விவரம் இருந்திருக்கிறது.

"சந்தைப்பேட்டை எறங்கறவங்க எல்லாம் வாங்க!" அவள் எழுந்துவிட்டாள். உட்கார்ந்தே போய்விடலாம் என்றுதான் பாலத்திலிருந்து நினைத்துக்கொண்டு வந்தாள், கால் எழுந்துவிட்டது. சொன்னதைச் செய்து பழகிய கால். இல்லை, அதற்காக இல்லை, இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இறங்கியபிறகு தனக்குச் சொல்லிக்கொண்டாள். சந்தை நாள் இல்லை. தகரக் கொட்டகைகள் வரிசையாக வெறுமனே நின்றன, சிமெண்டு மேடைகளில் வெயில், கீழே வெங்காயச் சருகும் காய்ந்த முட்டைக்கோசு இலையும். பெரிய சீமாறு வைத்துக் கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து முதலில் கூடையைப் பார்த்தாள், அப்புறம் அவளைப் பார்த்தாள். "கொண்டாந்துட்டயா நீயும்?" சாந்தாமணி கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏம்மா, உங்களுக்கெல்லாம் வேற எடமே இல்லியா? வாரத்துக்கு ஒண்ணு. ஒரு கடுவன் குட்டி கொண்டாந்து உட்டீங்களா இதுவரைக்கும்? பொட்டையாப் பாத்துப் பாத்துக் கொண்டாறது. இங்க நாய்ப்பண்ணையா வெச்சிருக்குது? பொறுக்கி எடுத்துப் போடறது நானு. பாவம் எனக்கு, புண்ணியம் உங்களுக்கா?" நான் அந்த ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். யார் இல்லை? கூடையோடு நின்றுகொண்டு எந்த ஆள் இல்லை? "நான் உட வரலீங்க" என்றாள். "பின்ன, கத்திரிக்கா வாங்க வந்தியா?" "ஒரு மாசத்துக்கு முன்னால ஒரு குட்டி. செவலைக் கலரு. நெத்தியில வெள்ளையா ஒரு கோடு. கண்ணு அப்பத்தான் தொறந்திருந்துச்சு." கூட்டுகிறவள் சீமாற்றை ஊன்றிக்கொண்டாள். குரல் இறங்கியது, கோபம் இறங்கவில்லை. "அதா. அந்தக் கடைசி மேடைக்கு அடியில, சாக்குல வெச்சிருந்துச்சு. மூணு நாள் கத்துச்சு. நானும் கொட்டாங்குச்சியில பால் ஊத்தி வெச்சேன். அதுக்குக் குடிக்கத் தெரியல தாயி. மூக்கை முக்கி முக்கித் தும்முச்சு. சப்பத்தான் தெரிஞ்சுது, நக்கத் தெரியல. நாலா நாளு சத்தமில்ல." அவ்வளவு சொல்லிவிட்டு அவள் திரும்பிக் கூட்டத் தொடங்கினாள். தூசி கிளம்பியது.

கடைசி மேடைக்கு அடியில் ஒன்றும் இல்லை. சாக்குகூட இல்லை, சுத்தமாகக் கூட்டியிருந்தது. இருபத்தோராம் நாள்தான் நக்கிக் குடிக்க வரும். இவை நான்கும் அப்படித்தான், முதலில் தட்டுக்குள் காலை வைத்து, மூக்கில் ஏற்றித் தும்மி, அப்புறம் ஒருநாள் திடீரென்று நாக்கு மடங்கத் தெரிந்துகொண்டன. அன்று அவர் கைதட்டினார். ஏழு நாள் பொறுத்திருந்தால்கூட அந்தப் பால் அதன் வயிற்றுக்குள் போயிருக்கும், ஏழே நாள். அதற்குள் என்ன அவசரம் வந்தது? இல்லை, இப்படியும் கணக்குப் பார்க்கக் கூடாது, ஏழு நாள் கழித்து விட்டால் சரி என்று ஆகிவிடும். கூடையைக் கீழே வைத்தாள். குட்டி ஒரு காலை வெளியே வைத்து, சிமெண்டுச் சூட்டில் அதை இழுத்துக்கொண்டு, மறுபடி வைத்து, முழுசாக வெளியே வந்தது. ஒரு வெங்காயச் சருகு நகர்ந்தது. பின்னால் தாவியது, நின்றது, முன்னங்காலை நீட்டிக் குனிந்து சருகைப் பார்த்து உறுமியது. சருகு இன்னும் ஒரு சாண் நகர்ந்ததும் மொத்த உடம்பும் வாலோடு சேர்ந்து ஆட அதன்மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் அவள் சேலை முந்தானை கிடந்தது. சருகை மறந்து முந்தானையைக் கவ்விக்கொண்டது. இழுத்தாள். அது பின்னங்காலை ஊன்றித் தலையை உதறி இழுத்தது. உடு என்றாள். அதற்கு அது விளையாட்டு. இன்னும் பலமாக இழுத்தாள், கையில் இருந்த எல்லா ஆத்திரத்தையும் சேர்த்து இழுத்தாள். குட்டி சிமெண்டில் வழுக்கிக்கொண்டு வந்தது, பல்லை எடுக்கவில்லை, தொண்டைக்குள் சின்னதாக, சந்தோசமாக உறுமிக்கொண்டே வந்தது. துணி கிழிகிற சத்தம் கேட்டது. போன் அடித்தது.

"உட்டாச்சா?" என்றார். பின்னால் டிவிச் சத்தம். "சாந்தா, உட்டுட்டயா?" "அந்த மூணாவது குட்டி மூணு நாள் கத்துச்சாமா" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்சம் யோசிக்கிற சத்தம். "எந்தக் குட்டி?" அவர் குரலில் ஒளிப்பு எதுவும் இல்லை. பயமும் இல்லை, பிடிபட்ட தடுமாற்றமும் இல்லை. உண்மையாகவே எது என்று தேடிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் அவருக்கு அது துப்புரவாக மறந்து போயிருந்தது. அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்தது எல்லாம், சோப்பு, மாட்டுப்பால், அட தங்கம். ஒன்றும் இந்த ஆளிடம் சொல்வதற்கு இல்லை என்று தெரிந்தது. ரோட்டில் அடுத்த பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. குனிந்து, முந்தானையோடு சேர்த்தே குட்டியை அள்ளி இடுப்பில் வைத்தாள். அது துணியை விடவில்லை. காலால் கூடையை நெட்டித் தள்ளி, அப்புறம் குனிந்து அதையும் எடுத்துக்கொண்டாள். "என்ன புள்ள, லைன்ல இருக்கறயா? பஸ் வந்துருச்சாட்ட இருக்குது, சத்தம் கேக்குது. கெளம்பிட்டயா நீ?"

"வாரோம்" என்றாள்.